38 டிகிரி

தோல் மருத்துவர் அப்பாவின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன வேலை செஞ்சீங்க ஐயா?” என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “லோரி டிரைவர்.” டாக்டர் கணினியில் அப்படியே தட்டிக்கொண்டார். ஒரு களிம்பு, இரவில் ஒரு மாத்திரை, சோப்புக்குப் பதிலாக ஏதோ ஒரு திரவம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பாயான் பாரு சந்தைப் பக்கம் நிறுத்தியிருந்த காரை எடுக்கும்போது கேட்டேன்.

“லோரியில என்ன ஏத்துனீங்கன்னு ஏன்ப்பா சொல்லல?”

“அவரு கேக்கல. நான் சொல்லல.”

அப்பா ஏற்றியது ஜெட் எரிபொருள். 1989இலிருந்து 2008 வரை, 19 வருடம், டாங்கி லோரியில் எண்ணெயைக் கொண்டுபோய் ஒரு விமானப்படைத் தளத்தின் தொட்டிகளில் இறக்குவதுதான் வேலை. இடையிடையே வடிகட்டி மாற்றுவது, தொட்டி கழுவுவது. எந்தத் தளம், எந்தக் காண்டிராக்டர் என்று எழுதக்கூடாது என்பது இந்தக் கட்டுரைக்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை. கையுறைகூடக் கொடுக்காத காண்டிராக்டருக்கு இத்தனை விசுவாசமா என்று எனக்குக் கோபம் வரும். அப்பாவுக்கு வராது. “அந்தச் சம்பளத்துலதானே படிச்ச” என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நாங்கள் பினாங்குக்கு வந்தது எனக்கு இங்கே வேலை கிடைத்த பிறகு. எங்கள் பிளாட்டின் வராந்தாவில் நின்றால், ஜெரெஜாக் தீவுப் பக்கமிருந்து தாழ்ந்து வந்து பாயான் லெப்பாஸில் இறங்கும் விமானங்கள் தெரியும். அப்பா காலையில் பசியாறிவிட்டு அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்வார். விமானத்தை அவர் பார்ப்பதில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மூக்கைச் சுளித்து ஒரு தடவை இழுப்பார். “இன்னிக்கு வாடை வருது பாரு.” எனக்கு எதுவும் வராது.

அந்த வாடை மண்ணெண்ணெய் வாடைதான். ஜெட் எரிபொருள் என்றால் ஏதோ ராக்கெட் மருந்து என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நன்றாகச் சுத்திகரித்த, ஈரமும் தூசியும் இல்லாத மண்ணெண்ணெய், அவ்வளவுதான். தோட்டத்தில் பாட்டி எங்கள் தலையில் பேனுக்குத் தேய்த்ததும், பாம்பு வராமல் இருக்க வாசலில் தெளித்ததும், போர் விமானம் குடிப்பதும் ஒரே குடும்பம். பிராங்க் விட்டிலின் இயந்திரத்தைப் பொருத்திய பிரிட்டனின் முதல் ஜெட் 1941 மே 15 அன்று மண்ணெண்ணெயில்தான் பறந்தது. போர்க்காலத்தில் நல்ல பெட்ரோல் எல்லாம் விசிறி விமானங்களுக்கே போய்க்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. ஜெட் இயந்திரமும் எதை ஊற்றினாலும் குடிக்கிற ஜாதி.

எங்கள் ஊரில் ‘அவ்தூர்’ என்பார்கள். பயணி விமானத்துக்குப் போவது ஜெட் ஏ-1. அதே எண்ணெயில் மூன்று சங்கதிகளைச் சேர்த்தால் இராணுவத்துக்குப் போகும் எஃப்-34. அமெரிக்கர்கள் அதை ஜேபி-8 என்பார்கள். எண்ணெயில் கரைந்திருக்கும் நீர் மேலே போய் உறையாமலிருக்க ஒன்று, துருப்பிடிக்காமல் வழவழப்பாக இருக்க ஒன்று, நிலைமின்சாரம் தேங்காமலிருக்க ஒன்று. எல்லாம் சேர்ந்தும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் வரும்.

இதில் அந்தப் பனி தடுப்பான்தான் அப்பாவின் பழைய எதிரி. எண்ணெயைவிட அதற்குத் தண்ணீரைத்தான் ரொம்பப் பிடிக்கும். தொட்டியின் அடியில் கொஞ்சம் நீர் தேங்கினால் எண்ணெயை விட்டுவிட்டு அதில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அந்தக் கலவை சில நேரம் வடிகட்டியில் பழுப்பாகக் கொழகொழவென்று படியும். வெள்ளைக்காரர்கள் அதற்கு ‘ஆப்பிள் ஜெல்லி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பா பலாப்பழக் கோந்து என்பார். வடிகட்டிக் கூண்டைத் திறந்து, அதைக் கையால் வழித்துத்தான் எடுப்பார்களாம். பலாப்பழமாக இருந்தால் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கையை விடலாம். இதற்கு வெறும் கை.

தலைப்பில் இருக்கும் எண்ணுக்கு வருகிறேன். எண்ணெயை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, மேலே ஒரு சிறு சுடரைக் காட்டிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சூட்டில் மேலே நிற்கும் ஆவி ‘பக்’கென்று பற்றி அணையும். அந்தச் சூடுதான் பிளாஷ் பாயிண்ட். ஜெட் ஏ-1க்கும் ஜேபி-8க்கும் அது 38 டிகிரிக்குக் குறையக்கூடாது. விமானந்தாங்கிக் கப்பல்களுக்கென்றே இருக்கும் ஜேபி-5க்கு 60.

1951இல் அமெரிக்க விமானப்படை கொண்டுவந்த ஜேபி-4இல் பாதிக்குப் பாதி பெட்ரோல் இனம். போர் வந்தால் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து முடிந்த மட்டும் அதிக எரிபொருள் எடுக்கவேண்டும் என்பது கணக்கு. அதன் பிளாஷ் பாயிண்ட் ஏறக்குறைய மைனஸ் 18. நம் வீட்டுப் பிரீசரின் குளிர் அது. பிரீசருக்குள் வைத்தாலும் பற்றக் காத்திருக்கும் எண்ணெயை நிரப்பிக்கொண்டு வியட்நாமுக்கு மேலே பறந்தார்கள். குண்டு பட்ட விமானங்கள் எரிந்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான் கனமான மண்ணெண்ணெய்க்கே திரும்பினார்கள். முழுமையாக மாறி முடிக்க 1996 ஆனது.

அதற்காக 60 டிகிரி எண்ணெய் பற்றாது என்று இல்லை. 1967 ஜூலை 29 அன்று ஃபாரஸ்டல் என்ற அமெரிக்கக் கப்பலின் மேல்தளத்தில், நிறுத்தியிருந்த விமானத்திலிருந்து ஒரு ராக்கெட் தானாகக் கிளம்பி, எதிரே நின்ற ஸ்கைஹாக்கின் எண்ணெய்த் தொட்டியைக் கிழித்தது. கொட்டிய எண்ணெய் எரிந்து, அந்தச் சூட்டில் குண்டுகள் வெடித்து 134 பேர் இறந்தார்கள். அதே ஸ்கைஹாக் வகை எண்பதுகளில் நம் விமானப்படையிலும் இருந்தது, குவாந்தானில்.

இந்த 38ஐப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. குளிர்நாட்டில் உட்கார்ந்து பார்த்தால் அது நல்ல உயரமான எண். பினாங்கில் நிழலிலேயே 32, 33. பகல் இரண்டு மணிக்கு விமானத்தளத்துத் தார்த்தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. 1990 மே 11, மணிலா. பிலிப்பைன் ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று புறப்படுவதற்காகப் பின்னால் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தபோதே நடுத்தொட்டி வெடித்து 8 பேர் இறந்தார்கள். 2001 மார்ச் 3, பாங்காக். தாய் ஏர்வேஸின் 737, பிரதமர் தக்சின் ஏறவேண்டிய விமானம், ஆட்கள் ஏறும் முன்பே நின்ற இடத்தில் வெடித்தது. பணியாளர் ஒருவர் இறந்தார். இரண்டுக்கும் நடுவே 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டிடபிள்யூஏ 800. அதில் 230 பேர். மூன்றிலும் ஏறக்குறைய காலியான நடுத்தொட்டி, அதற்குக் கீழே சூடாக ஓடிக்கொண்டிருந்த ஏர்கண்டிஷன் இயந்திரம்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட தோரணையில் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “நெறஞ்ச தொட்டிக்குப் பயப்பட வேணாம்மா. காலித் தொட்டிக்குத்தான் பயப்படணும். உள்ள எண்ணெய் இல்ல, ஆவி இருக்கும்.”

அவர் படித்தது ஆறாம் வகுப்புவரைதான்.

நான் வேலை செய்வது இங்கேயே, 1972இல் தொடங்கிய தொழிற்பேட்டையில், சிப்பு சோதிக்கும் ஒரு தொழிற்சாலையில். உள்ளே நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் சுருள் கம்பியை மேசையில் மாட்டவேண்டும். என் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் அந்த வழியாகத் தரைக்குப் போய்விடும். 3000 வோல்ட் வந்தால்தான் மனிதத் தோலுக்குச் சுள்ளென்று தெரியும். சில சிப்புகள் 100 வோல்ட்டிலேயே செத்துப்போகும். நமக்குத் தெரியாமலே நாம் கொன்றுவிடக்கூடிய ஜென்மம் அது. முதல் வாரப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். “அட, எங்க கம்பி!”

எண்ணெய் குழாயில் வேகமாக ஓடும்போதே மின்னேற்றம் பிறக்கும். வடிகட்டிக்குள் புகுந்து வரும்போது இன்னும் அதிகம். சுத்தமான எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே அது வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். ஆவி பற்றக் கால் மில்லிஜூல் பொறி போதும். நாம் கதவுக் கைப்பிடியைத் தொட்டுக் கையை உதறுகிறோமே, அந்தப் பொறியிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கும். அதனால் லோரி வந்து நின்றதும் இயந்திரத்தை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தரைக்கம்பியின் கவ்வியை மாட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் மூடியைத் திறப்பது, அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் எண்ணெய் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது, ஊசிக்குழலில் ஒரு மஞ்சள் வில்லையை மாட்டி எண்ணெயை இழுத்து அது பச்சையாகிறதா என்று பார்ப்பது எல்லாம். பச்சை என்றால் நீர் இருக்கிறது, இறக்கக்கூடாது.

கம்பியை மாட்டாமல் அப்பா ஒரு நாளும் மூடியைத் தொட்டதில்லை. 19 வருடத்தில் ஒரு பொறிகூடக் கிடையாது. அவருடைய பாதுகாப்பு அதுதான். கையைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் கடைசியில் வந்து நிற்கும் இடமும் அதுதான்: “தீப்பிடிச்சிச்சா? இல்லல்ல?”

இல்லை. அந்த எண் தீக்காகப் போட்டது. தீ விஷயத்தில் அது சொன்ன வேலையைச் செய்தது.

ஆனால் எளிதில் பற்றாத எண்ணெய் எளிதில் ஆவியாகவும் ஆகாது. இரண்டும் ஒரே குணம். ஜேபி-4 கையில் பட்டால் பாதி பறந்துவிடும். பறப்பதை மூச்சில் இழுப்பது வேறு கேடு. ஜேபி-8 போகாது. தோலில் நிற்கும், சட்டையில் நிற்கும், வீடுவரை கூடவே வரும். அமெரிக்கப் படையில் எண்ணெய் மாறிய பிறகு தரைப் பணியாளர்கள் சொன்ன குறை இதுதான்: குளித்தாலும் வாடை போகவில்லை, தோல் எரிகிறது. காற்றில் ஒரு கனமீட்டருக்கு 350 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று வைத்திருந்த தற்காலிக வரம்பு அதிகம்போலத் தெரிகிறது என்று 2003இல் அவர்களுடைய தேசிய ஆய்வுக் குழுவே எழுதியது. தீயிலிருந்து விமானத்தைக் காப்பாற்றிய குணம்தான் எண்ணெயை ஊற்றியவனின் தோலில் உட்கார்ந்துகொண்டது. பனி தடுப்பானுக்கும் இதே கதை. முன்பு பயன்படுத்திய மருந்து விஷம் அதிகம் என்று பிறகு வேறு ஒன்றுக்கு மாறினார்கள்.

எல்லாவற்றிலும் பத்திரமான அந்த 60 டிகிரி எண்ணெய் 2021 நவம்பரில் ஹவாயில் குடிதண்ணீர்க் குழாயில் வந்தது. ரெட் ஹில் மலைக்குள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கட்டிய தொட்டிகள். அந்தக் கிடங்கிலிருந்து கசிந்த ஜேபி-5, பேர்ல் ஹார்பர் குடியிருப்புகளில் ஏறக்குறைய 93,000 பேருக்குத் தண்ணீர் கொடுத்த கிணற்றில் கலந்தது. குழாயைத் திறந்தவர்கள் முதலில் சொன்னது மண்ணெண்ணெய் வாடை என்றுதான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தியைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நீரிணைக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த். 1958இலிருந்து 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் கையில் இருந்த தளம். சேபர், பிறகு மிராஜ் என்று பறந்துகொண்டிருந்தார்கள். அதே ஆஸ்திரேலியப் படைக்குக் குவீன்ஸ்லாந்தின் ஆம்பர்லியில் ஒரு கதை உண்டு. எஃப்-111 விமானத்தின் எண்ணெய்த் தொட்டிகள் ஒழுகின. எழுபதுகளின் கடைசியிலிருந்து இருபது வருடத்துக்கும் மேலாக ஆட்கள் அந்தத் தொட்டிக்குள்ளேயே ஊர்ந்து போய், பழைய பசையைக் கரைப்பான் போட்டுச் சுரண்டி, புதுப் பசை பூசினார்கள். நோய்கள் வந்தன. 2001இல் விமானப்படையின் விசாரணை அறிக்கை வந்தது, பிறகு நாடாளுமன்ற விசாரணை, இழப்பீடு. ஜெட் எரிபொருளால் உடம்புக்கு என்ன ஆகிறது என்று தனியாக ஓர் ஆய்வும் நடத்தினார்கள். பட்டது போதாது, கிடைத்தது தாமதம் என்று அந்த ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். ஆனாலும் அவர்களுடைய பெயர் ஒரு பதிவேட்டில் இருந்தது. தேட ஓர் இடம் இருந்தது.

அப்பாவிடம் இருப்பது ஒரு பழைய லோரி லைசென்ஸ். சம்பளம் கவரில் வரும்; கவரில் பென்சிலால் எழுதிய ஒரு தொகை.

இரண்டாவது தடவை கிளினிக் போனபோது நானே சொன்னேன். டாக்டர் தட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். எத்தனை வருஷம், கையுறை உண்டா, எண்ணெய் பட்டால் எதில் கழுவுவீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அப்பா கடைசிக் கேள்விக்கு மட்டும் உற்சாகமாகப் பதில் சொன்னார்: “அதே எண்ணெயிலதான் டாக்டர். கிரீஸ் எல்லாம் சுத்தமா போயிடும்.” டாக்டர் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெய் தோலின் கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும், வருடக்கணக்கில் அப்படிச் செய்தால் தோல் தன்னைத் தானே மூடிக்கொள்ளும் சக்தியை இழந்துவிடும் என்றார். இதுதான் காரணம் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, வயதும் சோப்பும்கூடச் சேர்ந்திருக்கும் என்றும் சொன்னார். நேர்மையான மனுஷி. குறிப்பில் ‘டிரைவர்’ என்பதற்குப் பக்கத்தில் ‘எரிபொருள்’ என்று சேர்த்தார்.

அப்பா வெளியே வந்து கொஞ்ச நேரம் பேசவில்லை. சுங்கை நிபோங் சிக்னலில் நிற்கும்போது, “உங்கம்மா கை என் கையவிட மோசமா இருந்திச்சு” என்றார்.

அம்மா இறந்து நாலு வருடமாகிறது. மாரடைப்பு, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தக் கைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்பா வேலை முடிந்து வந்ததும் பின்பக்கமாகத்தான் வரவேண்டும். சட்டை, காற்சட்டை எல்லாவற்றையும் குளியலறைக்கு வெளியே கழற்றி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். சாமி விளக்கு எரிகிற நேரம் என்றால் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான். “அந்தச் சட்டையோட வெளக்குகிட்ட வராதீங்க.” எனக்கு அது ஏதோ தீட்டு என்று பட்டது. யாரும் அம்மாவுக்குப் பிளாஷ் பாயிண்ட் சொல்லித்தரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்து வளர்ந்தவருக்கு அது தெரிந்திருந்தது.

அந்த வாளியில் வேறு துணி சேராது. வாஷிங் மெஷின் வாங்கிய பிறகும் அதைக் கையால்தான் துவைத்தார், மெஷினில் போட்டால் எங்கள் பள்ளிச் சீருடையெல்லாம் வாடை அடிக்கும் என்று. நீரின் மேல் வானவில் மாதிரி நிறங்கள் மிதக்கும். நானும் தம்பியும் குச்சியால் அதைக் கலைத்து விளையாடியிருக்கிறோம். முதல் தடவை அலசிய நீர், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு நாளும். அம்மாவின் விரல் இடுக்குகள் வெடித்து, இஞ்சிப் பூண்டு அரைக்கும்போது எரியும். சாம்பாருக்குப் புளி கரைக்க என்னைக் கூப்பிடுவார். சோம்பேறித்தனம் என்று நினைத்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கரைத்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் ஆய்வில் பெயர் கேட்டார்கள், அமெரிக்காவின் ஆய்வில் மூச்சை அளந்தார்கள். துவைத்தவர்களை எந்தப் படிவத்தில் எழுதுவது? அம்மாவின் மருத்துவமனைக் கோப்பில் தொழில் என்ற இடத்தில் ‘சூரி ரூமா’ என்று இருந்தது. குடும்பத்தலைவி. அப்பாவாவது ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ள முடிந்தது.

இந்தக் கட்டுரையை முடித்ததும் வராந்தாவில் உட்கார்ந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மணிலா, பாங்காக் எல்லாம் வந்தபோது தலையாட்டினார். அம்மாவைப் பற்றிய பகுதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முடிந்ததும் இரண்டு திருத்தம் சொன்னார். கம்பியை எப்போது மாட்டுவது என்று எழுதிய நான் எப்போது கழற்றுவது என்று எழுதவில்லையாம். “வால்வை மூடி, குழாயைக் கழட்டி, மூடியைப் போட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியாத்தான் கம்பி. அதப் போடு. எவனாச்சும் படிச்சிட்டு முன்னாடியே கழட்டிறப் போறான்.”

இரண்டாவது, வாளி. நான் பச்சை வாளி என்று எழுதியிருந்தேன்.

“பச்சை இல்ல. நீலம். பச்சை ஒடைஞ்சப்புறம் வாங்குனது.”